மூன்று வகுப்புக்கு ஒரே அறை: பல்வகுப்புத் தொடக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது எப்படி? பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

பள்ளியில் சேர்க்கப் போன அன்றுதான் பல பெற்றோருக்கு விஷயம் தெரியவருகிறது. ஒன்றாம் வகுப்புக்கென்று தனி அறை கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் ஒரே அறையில், ஒரே டீச்சரிடம். கேட்டதும் சிலர் "அரசுப் பள்ளின்னா இப்படித்தான்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். சிலர் கடன் வாங்கியாவது வேன் வருகிற தனியார் பள்ளிக்கு ஓடுகிறார்கள். இரண்டுமே அவசர முடிவு. பல்வகுப்பு அறையில் படித்து அழகாக மேலே வந்த பிள்ளைகள் உண்டு. அதே மாதிரி அறையில் மூன்று வருடம் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்த பிள்ளைகளும் உண்டு. நீங்கள் பார்க்கும் அறை எந்த வகை என்பதைச் சேர்ப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியையாக இதை எழுதுகிறேன். முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு பாடவேளை 40 நிமிடம் என்று வையுங்கள். மூன்று வகுப்பு, ஒரு டீச்சர். சமமாகப் பிரித்தால் ஒரு வகுப்புக்கு 13 நிமிடம்தான் கிடைக்கும். மீதி 27 நிமிடம் டீச்சர் வேறு பக்கம் திரும்பியிருப்பார். அந்த 27 நிமிடத்தில் உங்கள் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது? பல்வகுப்பு அறையின் தரம் முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. கட்டடம், டைல்ஸ், சுவர் ஓவியம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

படி 1: ஏன் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலும் காரணம் எண்ணிக்கை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4 ஆசிரியர் இருக்க வேண்டும். கிராமத்துப் பள்ளிகள் பலவற்றில் 60-க்கும் குறைவான பிள்ளைகள்தான். ஆக ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர், அதிலும் ஒருவர் தலைமை ஆசிரியர். ஊரில் ஈராசிரியர் பள்ளி என்று சொல்வது இதைத்தான். ஒருவர் ஒன்று முதல் மூன்று வரை, இன்னொருவர் நான்கு, ஐந்து என்று பிரித்துக்கொள்வதுதான் பொதுவான வழக்கம்.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிலவரப்படி உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம் செய்கிறார்கள். 58 பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் ஜூலைக்குள் இன்னும் மூன்று பேர் சேர்ந்தால் மூன்றாவது ஆசிரியர் கேட்க வழி பிறக்கிறது. "டீச்சர் வரட்டும், அப்புறம் சேர்க்கிறோம்" என்று ஊரே காத்திருந்தால் டீச்சர் வரவே மாட்டார். சேர்க்கும் எண்ணம் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேசி ஒன்றாகச் சேருங்கள்.

எண்ணிக்கைக்காக இல்லாமல், வேண்டுமென்றே வயது கலந்து உட்கார வைப்பதும் உண்டு. 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் முறையில் 3 முதல் 6 வயது வரை ஒரு குழு, 6 முதல் 9 வயது வரை இன்னொரு குழு. ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை, ஏணிப்படி முறையும் பல்வகுப்புக்கென்றே யோசித்துச் செய்தது. அதைத்தான் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு 2007-ல் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். செயல்வழிக் கற்றல், ஏ.பி.எல். என்று பெற்றோர் கேள்விப்பட்டது அதுதான். ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையை எடுத்து, தன் வேகத்தில், ஏணியில் அடுத்த படிக்குப் போகும். இன்று அந்த அட்டைகள் பல பள்ளிகளில் அலமாரிக்குள் போய்விட்டன. ஆனாலும் அந்தப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இன்னும் பள்ளிகளில் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் ஊர்ப் பள்ளியில் இருந்தால் அது உங்கள் பிள்ளையின் அதிர்ஷ்டம்.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும், அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் வந்தது. இதில் குழந்தை எந்த அளவு கற்றிருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பார்கள். டீச்சரோடு பேசும்போது இந்தச் சொற்கள் காதில் விழும். "உங்க பையன் தமிழ்ல மொட்டு, கணக்குல அரும்பு" என்று சொன்னால் பதற வேண்டாம். எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கான குறிப்பு அது, மதிப்பெண் கிடையாது.

படி 2: சேர்ப்பதற்கு முன் ஒருமுறை போய்ப் பாருங்கள்

போகும் நாள் முக்கியம். ஜூன் முதல் வாரம் போனால் புத்தகம் கொடுப்பதும் அழும் பிள்ளைகளைச் சமாதானம் செய்வதும்தான் நடந்துகொண்டிருக்கும். பிப்ரவரியில் போவது நல்லது. அரசுப் பள்ளிகளில் சமீப ஆண்டுகளில் மார்ச் மாதமே சேர்க்கை தொடங்கிவிடுவதால் அதற்குமுன் பார்த்தது போலவும் ஆகும். நேரம் காலை 11 மணி வாக்கில் இருக்கட்டும். முன்கூட்டியே தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். "எம் பொண்ண சேக்கலாம்னு இருக்கேன் சார், கிளாஸ் எப்படி நடக்குதுன்னு கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போறேன்" என்றால் மறுப்பவர்கள் குறைவு.

உள்ளே போனதும் டீச்சரைப் பார்க்காதீர்கள். டீச்சர் முதுகு காட்டும் பக்கத்தைப் பாருங்கள். அவர் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்கின்றன? நல்ல அறையில் நான்கைந்து பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் படக்கதை ஒன்றை ஆளுக்கொரு பக்கம் படித்துக்கொண்டிருக்கும். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளுக்கென்றே அடித்த கரும்பலகையில் இரண்டு பேர் சொல் எழுதிக்கொண்டிருப்பார்கள். சத்தம் இருக்கும். அந்தச் சத்தம் பாடத்தைப் பற்றியதா, பென்சில் சண்டையா என்று காது கொடுத்தால் தெரிந்துவிடும்.

மோசமான அறையை அமைதியை வைத்தும் கண்டுபிடிக்கலாம். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு தங்கள் முறைக்காகக் காத்திருந்தால், அல்லது போர்டில் இருக்கும் ஐந்து வரியை மூன்றாவது தடவையாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தால், அங்கே 27 நிமிடம் வீணாகிறது. பார்த்து எழுதுவது பிள்ளைகளை அடக்கி வைக்க எளிய வழி, அவ்வளவுதான். அதனால் வாசிப்பு வராது.

டீச்சரின் மேசையையும் ஒரு பார்வை பாருங்கள். நோட்டைத் திருத்தி வாங்கப் பிள்ளைகள் நீளமாக வரிசையில் நின்றால், தாங்களே சரிபார்த்துக்கொள்ளும் பழக்கம் அங்கே இல்லை என்று அர்த்தம். நன்றாக நடத்துகிற அறைகளில் கணக்கு விடையைப் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் விடை அட்டையை எடுத்துத் தாங்களே சரிபார்ப்பார்கள். கதைக்களம், படித்தல் களம் என்று மூலையில் புத்தகம் தொங்கவிட்டிருந்தால் ஒரு புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஓரம் மடங்கி, கைரேகை பட்டு, அட்டை கிழிந்து ஒட்டியிருந்தால் சந்தோஷப்படுங்கள். புத்தம் புதிதாக இருந்தால் அது ஆய்வுக்கு வருபவர்களுக்காக மாட்டியது.

படி 3: டீச்சரிடம் கேட்க வேண்டியவை

குறை சொல்லும் தொனியில் கேட்டால் எந்த ஆசிரியரும் வாயை மூடிக்கொள்வார். மூன்று வகுப்புக்குத் தனித்தனியாகத் திட்டமிட்டு, மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றி, காலை உணவையும் சத்துணவையும் மேற்பார்த்துவிட்டு நிற்பவர் அவர். பேச்சு இப்படிப் போகலாம்:

"டீச்சர், நீங்க பெரிய பிள்ளைங்களுக்கு நடத்தும்போது சின்னதுங்களுக்கு என்ன கொடுப்பீங்க?"

இதற்கு உடனே, விவரமாகப் பதில் வந்தால் பாதி நிம்மதி. "எழுதச் சொல்லிடுவேன்" என்பதோடு நின்றால் யோசிக்க வேண்டியதுதான்.

அடுத்து, எந்தப் பாடத்தை எல்லா வகுப்புக்கும் சேர்த்து நடத்துகிறார், எதைத் தனியாக நடத்துகிறார் என்று கேளுங்கள். கதை, பாட்டு, விளையாட்டு, ஓவியம், சூழ்நிலையியலில் செடி, விலங்கு, குடும்பம் போன்ற தலைப்புகளைச் சேர்த்தே நடத்தலாம். ஒரே வேப்பமரத்தைப் பார்த்து ஒன்றாம் வகுப்பு படம் வரையும், இரண்டாம் வகுப்பு பெயர் எழுதும், மூன்றாம் வகுப்பு நான்கு வாக்கியம் எழுதும். ஆனால் எழுத்து அறிமுகமும் கழித்தலில் கடன் வாங்குவதும் தனியாகத்தான் நடக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை யோசித்து வைத்திருக்கும் ஆசிரியர் தேர்ந்தவர்.

டீச்சர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போகும் நாளில் என்ன நடக்கும் என்றும் கேளுங்கள். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் இல்லாவிட்டால் அன்று ஐந்து வகுப்பும் ஒரே ஆசிரியரிடம்தான். அது அவர் தவறு இல்லை. மாதத்தில் எத்தனை நாள் அப்படி ஆகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் யாரும் கேட்காத ஒரு கேள்வி: தமிழ் வழிப் பிள்ளைகளும் ஆங்கில வழிப் பிள்ளைகளும் ஒரே அறையிலா? அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. பல சின்னப் பள்ளிகளில் அது பதிவேட்டில்தான் தனிப் பிரிவு. உட்காருவது ஒரே பாயில்தான். மூன்று வகுப்பு, இரண்டு பயிற்று மொழி என்றால் டீச்சரின் நேரம் ஆறாகப் பிரிகிறது. அப்படிப்பட்ட அறையில் ஆங்கில வழி என்ற பெயருக்காகச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 4: உங்கள் பிள்ளை அறையில் சின்னதா, பெரியதா?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். ஒரே அறையிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைக்குக் கிடைப்பது வேறு, எட்டு வயதுப் பிள்ளைக்குக் கிடைப்பது வேறு. பறிபோவதும் வேறு வேறு.

சின்னப் பிள்ளைக்குக் கிடைப்பது, காதில் விழும் பாடம். மூன்றாம் வகுப்பு அக்கா வாய்ப்பாடு சொல்வதை ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஸ்லேட்டில் கிறுக்கிக்கொண்டே கேட்கிறது. ஒரு நாள் வீட்டில் திடீரென்று "ரெண்டு மூணு ஆறு" என்று சொல்லும்போது அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கும். வகுப்பு நடைமுறையும் தானாக வந்துவிடும். தட்டு கழுவுவது, வரிசையில் நிற்பது, கேட்டுவிட்டு வெளியே போவது எதையும் டீச்சர் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, பெரியவர்களைப் பார்த்தே வரும்.

ஆபத்து எங்கே என்றால், பெரிய பிள்ளைகள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவதில். டீச்சர் "இது என்ன எழுத்து?" என்று கேட்டு முடிப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்துவிடும். கூச்ச சுபாவமுள்ள குழந்தை வருடம் முழுக்க வாயைத் திறக்காமல் ஓட்டிவிடலாம். அறையே கோரஸாகப் படிக்கும்போது அதுவும் வாயசைக்கும். டீச்சருக்கும் படிப்பது போலத்தான் தெரியும். இன்னொன்று, எழுத்தைச் சுழிக்கும் விதம். 'ஞ', 'ஐ', 'ஔ' போன்றவற்றை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று முதல் தடவையே பக்கத்தில் உட்கார்ந்து கைபிடித்துக் காட்ட வேண்டும். மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு எல்லாப் பிள்ளைக்கும் அதைச் செய்ய டீச்சருக்கு நேரம் போதாது. சின்னப் பக்கத்தில் உள்ள பிள்ளையின் பெற்றோர் வீட்டில் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்: வாரம் நான்கைந்து எழுத்து, சுழி சரியா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

பெரிய பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் பெற்றோர் வேறு விதமாகப் பயப்படுகிறார்கள். "மறுபடியும் ஒன்னாங்கிளாஸ் பாடத்தையேதான கேட்டுட்டு இருக்கான்?" இந்தப் பயம் பெரும்பாலும் தேவையில்லை. போன வருடம் அரைகுறையாகப் புரிந்ததை இந்த வருடம் பக்கத்திலிருந்து கேட்கும்போது அது உறுதியாகிவிடுகிறது. தனக்குத் தெரிந்ததைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இன்னும் தெளிவாகிறது. வகுப்பில் கடைசியில் இருக்கும் மூன்றாம் வகுப்புப் பையனுக்கு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தரும் வேலை கிடைத்தால் அவன் முகமே மாறிவிடும். தன் வயதுப் பிள்ளைகள் மட்டுமே உள்ள அறையில் அவனுக்கு அந்த இடம் கிடைத்திருக்காது.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை, அதாவது வாத்தியாருக்கு உதவியாக இருந்த மூத்த மாணவன், செய்தது இதைத்தான். 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தைக் கவனிக்க வந்த ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, பெரிய பையன்களை வைத்துச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அந்த இல்லத்தில் நடத்தினார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் பல காலம் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது நடந்தது.

ஆனால் எல்லை ஒன்று வேண்டும். ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் சின்னவர்களுக்கு உதவினால் பெரிய பிள்ளைக்கு லாபம். நாள் முழுக்க அவளே ஒன்றாம் வகுப்பைக் கட்டி மேய்த்தால் அவள் படிப்பு போய்விடும். இதில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் நன்றாகப் படிக்கும், பொறுப்பான பெண் பிள்ளைகள்தான். டீச்சருக்கு நம்பிக்கையான உதவி கிடைக்கிறது, வீட்டிலும் பெருமையாக இருக்கிறது. அவளுடைய நோட்டு மட்டும் காலியாக இருக்கும். உங்கள் மகள் தினமும் "நான்தான் இன்னைக்கும் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டு வந்தால் சிரித்துவிட்டு விடாதீர்கள். அவள் நோட்டை எடுத்துப் பாருங்கள்.

நான்கு, ஐந்து சேர்ந்த அறைக்கு இன்னொரு எச்சரிக்கை. மூன்றாம் வகுப்பிலேயே அறிவியல், சமூக அறிவியல் தனிப் பாடங்களாக வந்துவிடுகின்றன. நான்கு, ஐந்தில் பாடச்சுமை கூடிவிடும், கூடவே கணக்கில் பின்னமும் நீள் வகுத்தலும் வரும். காதில் விழும் பாடம் என்ற நன்மை இங்கே குறைவு, ஏனென்றால் வகுத்தலைக் கேட்டுக் கற்க முடியாது. இந்த இரண்டு வருடமும் கணக்குக்கு மட்டுமாவது வீட்டில் தினம் கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

அண்ணன், தம்பி இருவரும் ஒரே அறையில் வந்தால், தனித்தனி இடத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்தில் சேர்ந்துகொள்ளட்டும். கற்றலில் தடுமாறும் குழந்தைக்கோ மாற்றுத்திறனுள்ள குழந்தைக்கோ பல்வகுப்பு அறை பல நேரம் இதமான இடம். எல்லாரும் வெவ்வேறு வேலை செய்யும் அறையில் இவன் எளிய பயிற்சி செய்வது யார் கண்ணையும் உறுத்தாது. வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வரும் நாள் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: சேர்க்கை, வயது, பயிற்று மொழி

ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31-க்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், புகைப்படம் கேட்பார்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது சட்டம். பள்ளி செல்லாமல் இருந்த பிள்ளையானாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். நுழைவுத் தேர்வு கிடையாது.

ஐந்து வயது முடிந்தும் முடியாமலும் இருக்கும் பிள்ளையை அவசரப்பட்டுச் சேர்ப்பதைப் பற்றி என் கருத்து: தனி ஒன்றாம் வகுப்பு என்றால் சமாளிக்கலாம். எட்டு வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காரும் அறையில் மிகவும் சின்னதாக இருந்தால் அந்தக் குழந்தை பொம்மையாகிவிடும். எல்லா அக்காவும் தூக்கி வைத்துக் கொஞ்சுவார்கள், வேலை மட்டும் நடக்காது. இன்னும் ஒரு வருடம் அங்கன்வாடியில் இருக்கட்டும்.

பயிற்று மொழியை முடிவு செய்யும்போது ஒன்றை மனதில் வையுங்கள். மாநில அரசு வேலை நியமனத்தில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்கான சான்று கேட்கிறார்கள். நடுவில் இரண்டு வருடம் ஆங்கில வழியில் படித்துவிட்டுத் திரும்பினால் சிக்கல். ஆனால் மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடும், புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ₹1,000 உதவியும் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததையே கணக்கில் எடுக்கின்றன. அவற்றுக்காக மட்டும் தொடக்கப் பள்ளியைத் தேர்வு செய்ய வேண்டியதில்லை.

படி 6: ஏப்ரல், மே மாதங்களில் வீட்டில் செய்யும் தயாரிப்பு

எழுத்து சொல்லிக்கொடுத்து அனுப்புவதைவிட, தானாக வேலை செய்யும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள். பல்வகுப்பு அறையில் அதுதான் அதிகம் உதவும்.

தினம் ஒரு வேலை கொடுங்கள். கொண்டைக்கடலையும் பட்டாணியும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்லலாம், படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லலாம், பொத்தான்களை அளவு வாரியாக அடுக்கச் சொல்லலாம். நீங்கள் அதே அறையில் வேறு வேலை பாருங்கள். "அம்மா, இது சரியா?" என்று வந்தால் "முடிச்சிட்டுக் காட்டு" என்று மட்டும் சொல்லுங்கள். ஆரம்பத்தில் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. மே மாதக் கடைசியில் பதினைந்து நிமிடம் ஒரே வேலையில் உட்காரும் அளவுக்கு வந்தால் போதும், அந்த 27 நிமிடத்தில் பாதியைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

கூடவே, முடித்த பிறகு என்ன செய்வது என்றும் பழக்குங்கள். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பது. சின்ன விஷயம்தான். முப்பது பிள்ளைகள் உள்ள அறையில் இது தெரிந்த குழந்தைக்கும் தெரியாத குழந்தைக்கும் முதல் வாரமே வித்தியாசம் தெரியும்.

உதவி கேட்கவும் சொல்லிக்கொடுங்கள். டீச்சர் அந்தப் பக்கம் பாடம் நடத்திக்கொண்டிருந்தால் முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்கலாம், அப்புறம் பெரிய அக்காவிடம். ஒன்னுக்கு அவசரமானாலோ அடிபட்டாலோ யாராவது அடித்தாலோ உடனே டீச்சரிடம் போய்விட வேண்டும், அதற்குக் காத்திருக்கக் கூடாது. இதைத் தெளிவாக, பலமுறை சொல்லுங்கள். அடக்கிக்கொண்டு உட்கார்ந்து ஆடையை நனைத்துவிடும் குழந்தைகள் ஜூன் மாதத்தில் எல்லா வருடமும் இருக்கும்.

படி 7: முதல் பருவத்தில் எதைக் கவனிப்பது

"இன்னைக்கு என்ன நடத்துனாங்க?" என்று கேட்டால் எந்தக் குழந்தையும் "ஒன்னும் இல்ல" என்றுதான் சொல்லும். கேள்வியை மாற்றுங்கள். "இன்னைக்கு யார் பக்கத்துல உக்காந்த? டீச்சர் அக்காங்களுக்குச் சொல்லித்தரும்போது நீ என்ன செஞ்ச? இன்னைக்கு டீச்சர் உன்ன மட்டும் கூப்பிட்டாங்களா?" கடைசிக் கேள்வி முக்கியமானது. தினமும் இல்லாவிட்டாலும் வாரத்தில் இரண்டு மூன்று தடவையாவது டீச்சர் உங்கள் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

நோட்டில் சிவப்பு டிக்கை எண்ணாதீர்கள். தப்பாக எழுதியதைத் திரும்ப எழுத வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். பாடப்புத்தகத்தில் பார்க்காத சொற்களை எழுதிக் காட்டுங்கள், ஏனென்றால் புத்தகத்தில் உள்ளதைக் கோரஸில் கேட்டு மனப்பாடமாகச் சொல்லிவிடும். 'படம்', 'மரம்' புத்தகத்தில் இருந்தால் நீங்கள் 'தடம்', 'கரம்' எழுதுங்கள். ஒன்றாம் வகுப்பு முடிவில் தெரிந்த எழுத்துகளால் ஆன சின்னச் சொற்களைப் படிக்க வேண்டும், இரண்டாம் வகுப்பு முடிவில் சின்ன வாக்கியங்களை, மூன்றாம் வகுப்பு முடிவில் ஒரு குட்டிக் கதையைப் படித்து அதில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். இந்த அளவு வந்துவிட்டால் அறையில் எத்தனை வகுப்பு சேர்ந்து உட்கார்ந்தால் என்ன?

காலை உணவுத் திட்டத்தில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தை வீணாக நினைக்காதீர்கள். வயது கலந்த நட்பு பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறது. முடிந்தவரை அந்த நேரத்துக்கே அனுப்பிவிடுங்கள்.

படி 8: சரியாக நடக்கவில்லை என்றால்

முதலில் டீச்சர். தனியாக, பள்ளி விட்ட பிறகு, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு. "வாசிக்கிறதுல கொஞ்சம் பின்தங்கின மாதிரி தெரியுது டீச்சர், நாங்க வீட்ல என்ன செய்யலாம்?" என்று ஆரம்பித்தால் பேச்சு நல்லபடியாகப் போகும். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்து, அப்புறம் தலைமை ஆசிரியர்.

அடுத்த இடம் பள்ளி மேலாண்மைக் குழு. இதைப் பலர் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் பொதுவாகப் புலம்பாமல் குறிப்பாகக் கேட்டுத் தீர்மானம் எழுத வையுங்கள். காலிப்பணியிடம் இருந்தால் நிரப்பக் கேளுங்கள், அதுவரை தற்காலிக ஆசிரியர் கேளுங்கள். மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போன ஆசிரியரைத் திருப்பி அனுப்பக் கேளுங்கள். தீர்மானத்தின் நகலோடு வட்டாரக் கல்வி அலுவலரைப் பார்க்கலாம். கிராம சபையிலும் வைக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் இருக்கிறது. ஆசிரியர் எண்ணிக்கை சட்டத்தில் உள்ளதைவிடக் குறைவாக இருப்பதுதான் பிரச்சினை என்றால் ஒருவராகப் போகாமல் ஐந்தாறு பெற்றோராகப் போங்கள்.

எப்போது பள்ளியை மாற்றலாம்? மேலே சொன்னதையெல்லாம் செய்தும் ஒரு முழு ஆண்டு முடிவில் புதிய சொல் ஒன்றைக்கூடப் படிக்க முடியவில்லை என்றால், அல்லது ஆண்டின் பெரும்பகுதி ஐந்து வகுப்புக்கு ஒரே ஆசிரியர் என்ற நிலை நீடித்தால் மாற்றுங்கள். தயங்க வேண்டாம். பெரிய பிள்ளைகள் தொடர்ந்து துன்புறுத்துகிறார்கள், சொல்லியும் நிற்கவில்லை என்றால் ஆண்டு முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். மற்றபடி, "பக்கத்து வீட்டுப் பிள்ளை இங்கிலீஷ் ரைம்ஸ் சொல்லுது" என்பதற்காக ஒன்றாம் வகுப்பின் நடுவில் மாற்றாதீர்கள். எழுத்து கூடி வரும் நேரத்தில் டீச்சரும் முறையும் மாறினால் பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

படி 9: அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம்

பல்வகுப்பு அறையின் பெரிய லாபம் இரண்டாம் ஆண்டில் தெரியும். அதே டீச்சர், அதே அறை. உங்கள் பிள்ளை எங்கே தடுமாறும் என்று அவருக்குத் தெரியும், ஜூன் மாதத்தை அறிமுகத்தில் வீணாக்க வேண்டியதில்லை. ஆனால் இடமாறுதல் கலந்தாய்வுக்குப் பிறகு ஆசிரியர் மாறியிருக்கலாம். ஜூன் முதல் வாரத்திலேயே விசாரியுங்கள். புதியவர் என்றால் படி 2-ஐயும் 3-ஐயும் மறுபடி செய்ய வேண்டும். சின்னப் பக்கத்திலிருந்த பிள்ளை இப்போது நடுவில் இருக்கிறது. நடுப்பிள்ளைகளைத்தான் டீச்சரின் கண் எளிதில் தாண்டிவிடும், ஆகவே இரண்டாம் வகுப்பில் அந்த மாதச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

ஐந்தாம் வகுப்பு முடியும்போது ஆறாம் வகுப்புக்குத் தயார் செய்யுங்கள். இதுவரை ஒரே ஆசிரியரோடு, நெகிழ்வான நேரத்தில் படித்த பிள்ளை, மணி அடித்தால் ஆசிரியர் மாறும் பெரிய பள்ளிக்குப் போகிறது. அங்கே பாடத்துக்கொரு நோட்டு, கால அட்டவணை, போர்டை வேகமாக எழுதி முடிப்பது எல்லாம் புதிது. கோடை விடுமுறையிலேயே கால அட்டவணை பார்த்து பேக் அடுக்கப் பழக்கிவிடுங்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது எமிஸ் எண் (கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் பதிவு எண்) சரியாக இருக்கிறதா, பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்துகின்றனவா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். தமிழ் வழியில் படித்த சான்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை படித்த விவரம் இந்தச் சின்னப் பள்ளியின் பதிவேட்டில்தான் இருக்கும். பின்னாளில் பள்ளியை இணைத்துவிட்டாலோ மூடிவிட்டாலோ அலைய நேரும் என்பதால், கையோடு அந்தச் சான்றையும் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.